விளக்கு வைத்த பிறகு பத்மாவதி காசு கொடுக்க மாட்டாள்

பத்மாவதியைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சாரி பிளவுஸ் வெட்டுவதில் கொழும்பு வெள்ளவத்தையில் அவளுக்கு மேல் ஆள் இல்லை என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். பிடிவாதக்காரி என்றும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது என் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். பார்க்கட்டும். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இடையில் திருத்தக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

நான் இருப்பது இரண்டாம் மாடி. அவள் எனக்கு நேர் மேலே, மூன்றாம் மாடி. அவளுடைய மெஷின் ஓடினால் என் கூரையில் மழை பெய்வது போலக் கேட்கும். கடற்கரை ரயில் போகும்போது மட்டும் இரண்டு வீட்டு யன்னலும் சேர்ந்து ஆடும், மெஷின் சத்தம் அதற்குள் அடங்கிப்போகும்.

அவள் பிறந்தது பாமன்கடையில். தகப்பன் நெசவு ஆலையில் வேலை செய்தவர். துணி என்றால் அவளுக்கு விரலாலேயே தெரியும், எந்தத் துணி தண்ணீரில் சுருங்கும், எது நிறம் கக்கும் என்று. வெட்டத் தைக்கப் பழகியது பம்பலப்பிட்டியில் டோரின் என்ற கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணிடம். சவுந்தரநாயகம் என்ற நல்ல மனிதரைக் கட்டினாள். அவர் ஒரு இரும்புக்கடையில் களஞ்சியம் பார்த்தவர். மகன் துவாரகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓடியது மெஷின் ஒன்றுதான்.

ஆடி முடியும்போதே வெளிநாட்டுச் சனம் ஆவணிக் கலியாணங்களுக்கு வந்து இறங்கும். போன தடவை தைத்த சட்டையை அளவுக்குக் கொண்டுவந்து, "அதே அளவுதான் அக்கா, தைச்சு விடுங்கோ" என்பார்கள். பத்மாவதி அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எழும்புவாள்.

"சட்டை அதே அளவுதான் தங்கச்சி. நீங்கள்தான் இல்லை."

கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அடுத்த நாள் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை விளக்கு வைத்த பிறகு அவள் வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. காசு போகாது, உப்புப் போகாது, ஊசி போகாது. இது ஒன்றும் புதிதில்லை, எங்கள் பக்கத்தில் பல வீட்டில் உள்ள பழக்கம்தான். வீட்டில் தங்கியிருக்கும் லட்சுமியை விளக்கு வைத்த பிறகு வெளியே அனுப்பக் கூடாது. ஆனால் மற்றவர்கள் அதில் அங்கேயும் இங்கேயும் நெகிழ்ந்து கொடுப்பார்கள். பத்மாவதி நெகிழ மாட்டாள். வெள்ளி இரவு பிளவுஸ் எடுக்க வந்தவர்களிடம் காசை வாங்கிக்கொள்வாள், மிச்சம் கொடுக்க மாட்டாள். "வாறது வரலாம். மிச்சத்துக்கு நாளைக்குக் காலமை வாங்கோ" என்பாள். ஒரு லோயர் அம்மா மிச்சத்துக்காக அடுத்த நாள் மூன்று மாடி ஏறி வந்ததை நான் கண்ணால் கண்டேன். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

துவாரகன் வளர்ந்து போலந்துக்குப் போனான். அங்கே ஒரு பேக்கரியில் வேலை. முதலில் வங்கியால்தான் காசு அனுப்பினான். அனுப்புகிற இடத்திலும் வெட்டு, வாங்குகிற இடத்திலும் வெட்டு, வந்து சேர ஒரு கிழமை. பிறகு அவனோடு அறையில் இருந்த பொடியன் ஒருவன் வேறு வழி பழக்கினான். கிரிப்டோ என்கிறார்கள். டொலரைப் போல ஒரு காசு, ஆனால் கையில் பிடிக்க முடியாது, போனுக்குள்தான் இருக்கும். துவாரகன் சம்பளத்தில் அந்தக் காசை வாங்கித் தாயின் போனுக்கு அனுப்புவான். இமை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆனால் போனுக்குள் இருக்கிற காசுக்குத் தேங்காய் வாங்க முடியுமா? அதனால் பத்மாவதி அதை இங்கே தேவையான ஒருவருக்கு விற்பாள். வாங்குகிறவர் ரூபாயை அவளுடைய வங்கிக் கணக்கில் போடுவார். போட்டதும் அவள் போனில் ஒரு பச்சைப் பட்டனை அமத்துவாள். அந்தக் காசு அவருக்குப் போய்விடும். இதற்கென்று போனில் ஒரு அப் இருக்கிறது, சந்தை மாதிரி.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனில் முகம் காட்டி அவளுக்குப் பழக்கினான். முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு, கண்ணைச் சிமிட்டு என்று அந்த அப் அவளைக் கேட்டது. அவள் பொட்டைச் சரிசெய்துகொண்டு வந்து திரும்பினாள், சிமிட்டினாள். "பொம்பிளை பாக்க வந்தவங்கள் கூட என்னை இப்பிடித் திருப்பேல்லை மாமி" என்றாள். என்னை அவள் மாமி என்றுதான் கூப்பிடுவது.

பெரிய வங்கிக்காரர்கள் இந்தக் காசில் கவனமாக இருங்கள் என்று சொல்கிறார்களாம். அதையும் அவளிடம் சொன்னேன். தெரிந்த ஆட்களோடு மட்டும் செய்கிறேன் என்றாள். எனக்கு அந்தக் காசில் நம்பிக்கை இல்லை. இன்றைக்கும் இல்லை. கண்ணால் காணாத ஒன்றைக் காசு என்று எப்படிச் சொல்வது? ஆனால் அதில்தான் அவள் ஓவர்லொக் மெஷின் ஒன்று வாங்கினாள், அதைக் கண்ணால் கண்டேன்.

அது பெற்றோல் இல்லாத வருஷம். சமையல் காஸ் இல்லை, பால்மா இல்லை, முறை வைத்து மின்சாரத்தை வெட்டினார்கள். நாட்டில் டொலரும் இல்லை என்றார்கள். அப்படியான ஒரு வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்குள் ஒரே புழுக்கம், மேலே கடல் காற்று வரும் என்று நான் பத்மாவதியின் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் துவாரகன் அனுப்பியது வந்திருந்தது. பின்னேரம் பௌஸி என்ற ஒருவர் அதை வாங்கக் கேட்டிருந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். முன்பும் இரண்டொரு தடவை வாங்கியிருக்கிறார். "பௌஸி நல்ல மனுசன். வீண் கதை இல்லை, காசு டக்கெண்டு விழும்" என்று பத்மாவதி சொல்வாள். ஆளை நேரே கண்டதில்லை.

அன்றைக்கு மட்டும் காசு டக்கென்று விழவில்லை. அவருடைய வங்கி அப் இழுத்துக்கொண்டு நின்றதாம். பத்மாவதி இரண்டு தடவை போனைப் பார்த்தாள். பிறகு கைகால் கழுவி, சாமித்தட்டுக்குப் பூ வைத்து, ஆறு மணிக்கு விளக்கை ஏற்றினாள். விபூதியை எனக்கு நீட்டிக்கொண்டிருக்கும்போது போன் கிணுங்கியது. வங்கியிலிருந்து மெசேஜ்.

"விழுந்திட்டுது" என்றாள். சொல்லிவிட்டுப் போனை மெஷின் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"பட்டனை அமத்தேல்லையோ?" என்றேன்.

"விளக்கு வைச்சாச்சு மாமி."

"அது ஒரு காசே? காணாத சாமானுக்கு என்ன வெள்ளியும் சனியும்? அமத்திவிடு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வரேக்க காசெண்டு எடுத்தனாங்கள்தானே? அதிலை மெஷின் வாங்கினனாங்கள்தானே? போகேக்க மட்டும் காசில்லை எண்டு சொல்லேலுமோ?"

என் சொல்லை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். என்னை மடக்கினவர்கள் குறைவு. அதனால் அந்த நிமிஷத்திலிருந்து நானும் அவள் பக்கம்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். ஒரு பக்கம் எடுத்தால் பிறகு நான் மாற மாட்டேன்.

அப்போதே மின்சாரமும் போனது. வீட்டில் வெளிச்சம் என்றால் அந்த விளக்கு ஒன்றுதான். சற்று நேரத்தில் போன் அடித்தது. எனக்குக் காது மந்தம் என்று அவள் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பாள்.

"தாத்தா, பௌஸி பேசுற. சல்லி விழல்லியா?"

எங்கள் முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். காணாமலே அக்கா முறை கொண்டாடுகிற மனிதர்.

"விழுந்திட்டுது தம்பி."

"அப்ப ஏன் இன்னம் விடல்ல?"

"விளக்கு வைச்சாச்சு."

"என்ன வெளக்கு?" என்றார்.

பத்மாவதி பொறுமையாக விளக்கம் சொன்னாள். வெள்ளிக்கிழமை, லட்சுமி, நாளைக் காலை முதல் வேலையாகப் பட்டன் என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அவருடைய மகள் சஹ்லா மலேசியாவில் படிக்கிறாள். காலேஜுக்கு இந்தத் தவணைக் காசு இன்றிரவு பன்னிரண்டுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விட மாட்டார்கள், ஒரு வருஷம் போய்விடும். இங்கே வங்கியில் வாரக்கணக்காகக் கேட்டும் டொலர் இல்லை என்றுவிட்டார்கள். அதனால்தான் இந்தக் காசை வாங்கி மகளுக்கு அனுப்புகிறார். அவள் அங்கே அதை மாற்றிக் கட்டுவாள். அதோடு மலேசியாவில் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்பதரை.

பத்மாவதியின் முகம் வாடிப்போனது. விளக்கைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"தம்பி, இதை நீங்கள் ஆறு மணிக்கு முதல் எனக்குச் சொல்லியிருக்க வேணும்."

"வெளக்கு விஷயத்த நீங்க எனக்கு ஆறு மணிக்கு முந்திச் செல்லியிருக்கோணும் தாத்தா!"

அதுவும் நியாயம்தான். ஆனால் நான் பக்கம் மாறவில்லை.

அப்காரர்களிடம் முறைப்பாடு செய்யலாமாம், ஆனால் அவர்கள் பார்த்து முடிக்க நாட்கள் போகுமாம். பௌஸி அதையெல்லாம் செய்யவில்லை. நேரே வருகிறேன் என்றார். "வாங்கோ, வந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்று பத்மாவதி விலாசம் சொன்னாள். காசுக்காகச் சண்டைக்கு வருகிற மனிதருக்கு எந்தச் சந்தியில் திரும்புவது, எந்த மாடி, படியில் எந்த இடம் உடைந்திருக்கிறது என்று எல்லாம் சொன்னாள்.

பெற்றோல் ஏது? மனிதர் கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, வாசலில் தொங்கிக்கொண்டு ரயிலில் வந்து, இருட்டில் மூன்று மாடியும் ஏறி, ஏழரை மணியளவில் கதவடியில் நின்றார். மெலிந்த ஆள், தலையில் தொப்பி, சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. சண்டை போடுகிற மூச்சு அவரிடம் மிச்சம் இருக்கவில்லை.

"தாத்தா, மொதல்ல தொழ ஒரு எடம் தாங்க. மஹ்ரிப் நேரம் போகப் போவுது."

பத்மாவதி ஓடிப்போய் வாளியில் தண்ணீர் வைத்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் துண்டுத் துணிகளை ஒதுக்கி, பெட்டியிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்து விரித்தாள். "எந்தப் பக்கம் தம்பி?" என்றாள். அவர் யன்னலைக் காட்டினார். கடல் பக்கம். ஒரு மூலையில் எங்கள் விளக்கு எரிந்தது, மற்ற மூலையில் அவர் தொழுதார். நாங்கள் இருவரும் சத்தம் போடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து ரயில் போனது, யன்னல் ஆடியது. அவர் அசையவில்லை.

தொழுது முடித்து வந்து உட்கார்ந்ததும் மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த இஞ்சிப் பிளேன்ரீயைக் கொடுத்தாள். சீனி குறைவு, கருப்பட்டித் துண்டு ஒன்று வைத்தாள். அவர் குடித்தார்.

"தாத்தா, ரயில்ல வரக்க நல்லா ஏசோணும் எண்டுதான் வந்த. எத எத ஏசுற எண்டு வரிசையா மனசுல போட்டு வெச்சீந்த."

"ஏசுங்கோவன் தம்பி. ஏசினாலும் நான் பிழையா எடுக்கமாட்டன்."

"எங்க ஏசுற? நான் வந்த ஒடன தொழ எடம் கேட்ட. நீங்க புது வேட்டிய விரிச்சிட்டீங்க. என்ட தொழுகய நான் விடல்ல, ஒங்கட வெளக்க விடுங்க எண்டு எந்த வாயால செல்ற?"

அவர் அப்படிச் சொன்னதும் பத்மாவதியின் கண் கலங்கிவிட்டது. ஏசியிருந்தால் அவள் திருப்பி ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். இப்போது எழும்பி மெஷினடிக்குப் போனாள், போனை எடுத்தாள், வைத்தாள். விளக்குக்கு எண்ணெய் விட்டாள், எண்ணெய் நிரம்பித்தான் இருந்தது. ஊரார் பிள்ளையின் ஒரு வருஷம் தன் விரலில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். விரல் போகவில்லை.

"மாமி, என்ன செய்ய?"

"நீ வைச்ச விளக்கு. நீதான் சொல்ல வேணும்" என்றேன்.

பௌஸி பெருமூச்சு விட்டுவிட்டு, போனைச் சத்தமாகப் போட்டு மகளுக்குக் கோல் எடுத்தார். சரிவராது போல இருக்கிறது, காலேஜ் டீனின் காலில் விழுந்தாவது ஒரு நாள் அவகாசம் கேட்டுப்பார் என்று சொல்லத்தான் எடுத்தார். அந்தப் பெண் சஹ்லா லேசுப்பட்டவள் இல்லை. விஷயத்தைக் கேட்டதும், "அழுற நேரமில்ல வாப்பா, போன அந்த அன்டிட்டக் குடுங்க" என்றாள்.

பத்மாவதி போனை இரண்டு கையாலும் வாங்கினாள். "பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்லை..."

"அது தெரியும் அன்டி. ஒண்டு கேக்கட்டா? வெளக்கு எத்தின மணிக்கு வெச்ச?"

"ஆறு மணிக்கு."

"வாப்பா ஓடர் போட்ட நேரம் ஒங்கட போன்ல ஈக்கும். பாத்துச் செல்லுங்க."

பத்மாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனைத் தட்டிப் பார்த்தாள். "அஞ்சே முக்கால்."

"அஞ்சே முக்காலுக்கே அந்தக் கோயின் ஒங்கட கைய விட்டுப் போயிட்டு அன்டி. வாங்குறவன் ஓடர் போட்ட ஒடன அப்காரன் அத எடுத்து நடுவுல வெச்சிடுவான். விக்கிறவங்க ஏமாத்தவும் ஏலா, வாங்குறவங்க ஏமாத்தவும் ஏலா. நீங்க அமத்துற பட்டன் சல்லி குடுக்குற பட்டன் இல்ல. எனக்கு ரூவா கெடச்சிட்டு எண்டு செல்ற பட்டன். அவ்வளவுதான்."

பத்மாவதி சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. சட்டையை உடம்பில் போட்டுப் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டாள். "பொறு பிள்ளை" என்று தன் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள். மத்தியானம் வந்தது அங்கே இல்லை. பழைய சில்லறைதான் கிடந்தது.

"மாமி, இஞ்சை பாருங்கோ. காசு வீட்டிலை இல்லை!"

எனக்குப் போனைக் காட்டி என்ன பிரயோசனம்? ஆனால் பார்த்தேன். இவ்வளவு காலமும் மகன் சொன்னபடி பச்சையை அமத்தினாளே தவிர, அமத்துவதற்கு முன்னமே காசு எழும்பிப் போய்விடுகிறது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. டக்டக்கென்று வேலை முடிந்துகொண்டிருந்ததால் அவளும் கவனிக்கவில்லை.

பௌஸி எழும்பி நின்றுவிட்டார். "அப்ப தாத்தா, வெளக்கு வைக்க முந்தியே சல்லி வெளிய போயிட்டு! இனி அமத்தலாந்தானே?"

"பொறுங்கோ தம்பி." பத்மாவதி போனைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "பிள்ளை, அப்ப அந்தக் காசு இப்ப எங்கை நிக்குது?"

"நடுவுல அன்டி."

"நடுவிலை எண்டா ஆற்றை வீட்டிலை?"

"ஒருத்தர்ட ஊட்டுலயும் இல்ல. சும்மா நடுவுல நிக்கிது."

"தெஹிவளைப் பாலத்து நெரிசலிலை பஸ் நிக்கிற மாதிரியோ?" என்று நான் கேட்டேன்.

"ஓம் ஓம், அது மாதிரித்தான்" என்றாள் அந்தப் பெண். அதைக் கேட்டதுதான் தாமதம், பத்மாவதி நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஐயோ! வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமியை நடுத்தெருவிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்! என்ரை வீட்டிலையும் இல்லை, அதுகளின்ரை வீட்டிலையும் இல்லை. அஞ்சே முக்கால் துடக்கம் நிக்குதே மாமி! ஒரு வீட்டிலை ஏத்தி விட வேண்டாமோ?"

பௌஸி வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அவரை அடக்கினேன். அவள் தானாக ஓடுகிற நேரத்தில் யாரும் தள்ளக் கூடாது.

பச்சைப் பட்டனை அமத்தினாள். உடனே முடிந்துவிடும் என்று நினைத்தால் இல்லை. பெரிய தொகை என்றபடியால் அந்த அப் ஒரு ரகசிய இலக்கம் கேட்டது. அது போனுக்கு மெசேஜில் வர வேண்டும். வரவில்லை. மின்சாரம் போய் நேரம் செல்லச் செல்ல எங்கள் ஒழுங்கையில் சிக்னலும் தேய்ந்து போய்விடும். சஹ்லாவின் சத்தமும் விட்டுவிட்டுக் கேட்டது. "அன்டி... நேரம்... எனக்கு இதையும் மாத்தோணும்..." அதோடு அறுந்துபோனது.

"மேலை தண்ணித் தாங்கியடியிலை சிக்னல் வரும்" என்றாள் பத்மாவதி.

என்னைக் கீழே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் காவல் இருந்தது நான், கடைசியில் பார்க்க வேண்டாமா? "நான் வராட்டி ஒருத்தரும் ஏறேலாது" என்று படியின் நடுவில் நின்றேன். பௌஸி ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் என்னுடைய முழங்கை. பத்மாவதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஏறினாள். மொட்டை மாடியில் பாதிக் கட்டடம் காற்று வாங்கப் படுத்திருந்தது. பாய்களைத் தாண்டி, ஆட்களின் காலைத் தாண்டித் தாங்கியடிக்குப் போனோம்.

"என்ன பத்மாக்கா, கப்பல் பாக்கவோ?" என்று முதலாம் மாடி ஐறீன் கேட்டாள்.

"லட்சுமி றோட்டிலை நிக்கிறா. விலத்து பிள்ளை!"

ஐறீன் வேதக்காரி, ஒன்றும் விளங்காமல் விலத்தினாள்.

பத்மாவதி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பௌஸி கண்ணை மூடிக்கொண்டு என்னவோ ஓதினார். நான் முருகனைக் கூப்பிட்டேன். ஐறீன் எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டதை டோர்ச் வெளிச்சத்தில் கண்டேன். போன் கிணுங்கியது. அவள் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அமத்தினாள். ரகசிய இலக்கம் என்றார்கள், மொட்டை மாடி முழுவதும் கேட்டது. கடைசி இலக்கத்தை அமத்தியதும் திரையில் ஒரு பச்சைச் சரி வந்தது.

பௌஸியின் போனுக்குக் காசு வந்தது. அங்கே நின்றபடியே அவர் அதை மகளுக்கு அனுப்பினார். பிறகு செய்ய ஒன்றும் இல்லை, தாங்கிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவள் அங்கே மாற்ற வேண்டும், மாற்றிக் கட்ட வேண்டும். ஐறீன் கொடுத்த ரொபி இனிப்பைப் பத்மாவதி பிரிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ரயில் போனது. அதற்குப் பிறகுதான் சஹ்லாவின் குரல் வந்தது, ஒரே கத்தலாக.

"கட்டிட்டேன் வாப்பா! ரிசீட்டும் வந்திட்டு! அந்த அன்டிட்டச் செல்லுங்க, லட்சுமி ஊட்டுக்கு வந்திட்டா எண்டு!"

விஷயம் தெரியாமலே மாடி முழுவதும் கைதட்டியது. மின்சாரம் வருகிறது என்று நினைத்துத் தட்டினார்களோ தெரியாது.

கீழே வந்து பௌஸிக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்துக் கடைசி ரயிலுக்கு முன்னம் அனுப்பினோம். போகும்போது வாசலில் நின்று, "தாத்தா, அடுத்த மொற வெள்ளிக்கிழம எண்டா நான் விடியச் சுபஹ் தொழுத கையோட ஓடர் போடுற" என்றார். அதன்படிதான் நடக்கிறார். அந்த அப்பில் பத்மாவதியின் பெயருக்குக் கீழே துவாரகன் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறான்: வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இல்லை, காரணம் கேட்க வேண்டாம். ஆனாலும் ஒன்றிரண்டு பேர் கேட்கிறார்களாம். அவள் குரல் பதிந்து விளக்கம் அனுப்புகிறாளாம்.

சஹ்லா பரீட்சை பாஸ் பண்ணி விடுமுறைக்கு வந்தபோது தாய் றலியாவோடு எங்கள் மாடி ஏறினாள். ஒரு சட்டி வட்டிலப்பம், தைக்க மூன்று பிளவுஸ் துணி. "அன்டி, உம்மாட பழைய அளவு ஈக்கி" என்று ஒரு சட்டையை நீட்டினாள். பத்மாவதி அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எழும்பினாள். என்ன சொன்னாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. றலியா சிரித்துச் சிரித்துக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வட்டிலப்பம் வெகு ருசி. அதோடு முடித்துவிடலாம் என்கிறாள் எழுதுகிறவள். முடிக்க முடியாது. அந்த வெள்ளி இரவை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

பௌஸியை அனுப்பிவிட்டு நானும் என் வீட்டுக்கு இறங்கினேன். அந்த ஓட்டத்தில் எனக்குப் பசி. காலையில் வைத்த கஞ்சியைச் சூடாக்கினால் வீட்டில் உப்பு இல்லை. கடை பூட்டிவிட்டார்கள். சரி என்று திரும்பவும் மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஏறினேன். பத்மாவதி கதவைத் திறந்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, ஒரு கிள்ளு உப்புத் தா. கஞ்சிக்கு."

அவள் விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய காசை மலேசியாவுக்கு அனுப்பிப்போட்டு எனக்கு ஒரு கிள்ளு உப்பு இல்லையோ?" என்றேன்.

"அது அஞ்சே முக்காலுக்கே போனது மாமி. உப்பு இப்ப வீட்டுக்குள்ளைதானே நிக்குது? நாளைக்குக் காலமை வாங்கோ."

கதவைச் சாத்தினாள். நான் விடுவேனா? அவள் பக்கம் என்று ஒருமுறை முடிவெடுத்தவள் நான். ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிவந்து உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கதவில் தட்டல். திறந்தால் பத்மாவதி நிற்கிறாள், கையில் ஒரு போத்தல் நிறைய உப்பு.